சிகிச்சைக்காக வெளியூர் விடுதியில் தங்குவோர் கேட்கும் கேள்விகள்: இராமநாதபுரம் கரையோரக் குடும்பங்களுக்காக

அக்காள்மடம், தங்கச்சிமடம் என்று ஊர்ப் பெயரிலேயே மடத்தை வைத்திருக்கும் கரை நம்முடையது. இராமேசுவரத்துக்கு நடந்து வந்தவர்களுக்காகச் சேதுபதிகள் சத்திரங்கள் கட்டிவைத்த வழி இது. வந்தவருக்குத் திண்ணை கொடுத்துப் பழகிய நாம், நோய் என்று வந்துவிட்டால் மதுரையிலோ வேலூரிலோ சென்னையிலோ பிறர் கொடுக்கும் திண்ணையில் வாரக்கணக்கில் தங்க வேண்டியிருக்கிறது. 2023-ஆம் ஆண்டு என் தாயாரின் வாய்ப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நாங்கள் இருவரும் மதுரையில் ஒரு விடுதியில் ஏழு வாரங்கள் தங்கினோம். அதன் பிறகு பாம்பன், மண்டபம், தொண்டி, சாயல்குடி பக்கங்களிலிருந்து சிகிச்சைக்குப் புறப்படும் குடும்பங்கள் என்னிடம் கேட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். மருத்துவத்தைப் பற்றிய முடிவுகளை மருத்துவரிடம்தான் கேட்க வேண்டும். நான் எழுதுவது, சிகிச்சை நேரம் போக மீதமுள்ள இருபத்துமூன்று மணி நேரத்தை யாரோடு கழிப்பது என்பதைப் பற்றி.

நம் மாவட்டத்திலேயே மருத்துவக் கல்லூரி வந்துவிட்டதே, வெளியூரில் தங்கத்தான் வேண்டுமா?

பல நோய்களுக்கு வேண்டியதில்லை. 2022 ஜனவரி 12 அன்று தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் இராமநாதபுரமும் ஒன்று. ஆகவே உங்களுக்கு எழுதித்தந்த சிகிச்சை அங்கேயே கிடைக்குமா என்று முதலில் கேட்டுவிடுங்கள். கிடைக்காத நிலையில்தான் வெளியூர். கதிர்வீச்சுச் சிகிச்சை பெரும்பாலும் வாரத்தில் ஐந்து நாள், ஐந்து முதல் ஏழு வாரம் வரை நடக்கும். இயந்திரத்தின் கீழே படுத்திருக்கும் நேரம் சில நிமிடங்கள்தான் என்றாலும், அந்தச் சில நிமிடங்களுக்காகத் தினமும் இராமேசுவரத்திலிருந்து மதுரைக்குச் சுமார் 170 கிலோமீட்டர் போய்வர உடம்பில் தெம்பு இருக்காது. சிறுநீரக மாற்று அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் குழந்தை, குறைமாதத்தில் பிறந்து மருத்துவமனையில் வைக்கப்பட்டிருக்கும் சிசுவின் தாய் ஆகியோரும் மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

எங்கள் சிகிச்சை நடந்த காலத்தில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றுபோயிருந்தது. 2022 டிசம்பர் முதல், புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறக்கப்படும்வரை, தீவில் இருந்தவர்கள் பேருந்தில்தான் கடலைக் கடந்தோம். வாயில் புண்ணோடு அம்மா ஒருமுறை ஊருக்குப் போய்வந்தார்கள். பிறகு சிகிச்சை முடியும்வரை அந்தப் பேச்சே எடுக்கவில்லை.

எப்படிப்பட்ட தங்குமிடங்கள் இருக்கின்றன? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

மருத்துவமனையே நடத்தும் விடுதி, அறக்கட்டளைகளோ கோவில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்தவர்களோ நடத்தும் இல்லம், தனியார் லாட்ஜ், மாத வாடகை அறை என்று பல வகை உண்டு. முதல் இரண்டு வகைக்கும் பெரும்பாலும் மருத்துவமனையிலிருந்து கடிதம் கேட்பார்கள். பெரிய மருத்துவமனைகளில் மருத்துவ சமூகப் பணியாளர் என்று ஒருவர் இருப்பார். முதல் நாளே அவரைத் தேடிச் சென்று, எத்தனை வாரச் சிகிச்சை, கையில் எவ்வளவு பணம், துணைக்கு யார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். வாசலில் நின்று “அறை வேண்டுமா” என்று கேட்கும் தரகரிடம் போவதற்கு முன் இவரிடம் போக வேண்டும்.

வாடகை, முன்பணம், தரைத்தள அறை, மேற்கத்தியக் கழிப்பறை, குடிநீர், இரவில் வாசற்கதவைத் திறந்துவிட ஆள் உண்டா என்பவற்றை எல்லாரும் கேட்பார்கள். இவற்றோடு இன்னொன்றையும் கேளுங்கள்: பொதுச் சமையலறை உண்டா? என்னைக் கேட்டால், குளிர்சாதன அறையைவிட இதற்குத்தான் அதிக மதிப்பெண் கொடுப்பேன். நாமே சமைத்துச் சாப்பிடலாம் என்பது அதில் பாதிதான். மனிதர்கள் ஒருவரை ஒருவர் தினமும் பார்த்தே தீர வேண்டிய ஒரே இடம் அது என்பது மறுபாதி.

அறிமுகமில்லாதவர்கள் நடுவில் எப்படிப் பேசத் தொடங்குவது? எங்களுக்குக் கூச்சமாக இருக்கிறது.

எனக்கும் இருந்தது. முதல் பத்து நாள் நான் யாரோடும் பேசவில்லை. அடுப்பு காலியாக இருக்கும் நேரம் பார்த்துப் போய், சோறு வடித்துக்கொண்டு அறைக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு இருவரும் சாப்பிட்டோம். நம் வேதனையை நாலு பேர் பார்க்க வேண்டாம் என்று நினைத்தேன். அந்தப் பத்து நாளில் அம்மாவின் எடை குறைந்ததோடு பேச்சும் குறைந்துபோனது.

பாத்திரங்கள்தான் எங்களைப் பேச வைத்தன. விடுதிச் சமையலறையில் கழுவிய பாத்திரங்களை எல்லாரும் ஒரே மேடையில் கவிழ்த்து வைப்போம். எவர்சில்வர் பாத்திரம் எல்லாமே ஒன்றுபோல்தான் இருக்கும் என்பதால், அதில் வெட்டியிருக்கும் பெயரைப் பார்த்துத்தான் எடுக்க முடியும். குண்டூசிமுனைப் புள்ளிகளாக வெட்டிய இனிஷியல், கல்யாண வருடம், சிலவற்றில் ‘தாய்மாமன் அன்பளிப்பு’ என்ற எழுத்து. பதினோராம் நாள் காலையில் நான் என் தூக்குவாளியைத் தேடிக்கொண்டிருந்தபோது, ஓர் அம்மா அதை நீட்டி, “தங்கச்சிமடம்னு வெட்டியிருக்கே, உங்களுதா?” என்று கேட்டார். அவர் கீழக்கரை. கணவருக்குத் தொண்டையில் கதிர்வீச்சு. எங்களுக்கு முன்னால் வந்தவர்கள். “கிட்டத்துலதான் இருக்கீங்க, இத்தனை நாளா எங்க இருந்தீங்க?” என்றார். அன்று முதல் அவர் எனக்கு லாத்தா, அதாவது அக்கா; நான் அவருக்குத் தங்கச்சி.

அன்று மாலையே அம்மாவின் வாயைப் பார்த்துவிட்டு, பச்சரிசியை வறுத்து உடைத்து, பாசிப்பருப்பு சேர்த்து, மிளகும் மிளகாயும் இல்லாமல் கூழாகக் காய்ச்சி, நன்றாக ஆறவைத்துக் கொண்டுவந்தார். கதிர்வீச்சில் வாய் வெந்தவருக்குச் சூடும் காரமும் புளிப்பும் ஆகாது என்று மருத்துவமனையில் எனக்கும் சொல்லியிருந்தார்கள். ஆனால் என்னென்ன ஆகாது என்று தெரிவது வேறு, எதைக் கொடுத்தால் இறங்கும் என்று தெரிவது வேறு. இரண்டாவதை ஆறு வாரம் கணவருக்கு ஊட்டிய ஒருவரால்தான் சொல்ல முடிந்தது.

ஆகவே, பேச்சை நோயிலிருந்து தொடங்க வேண்டாம். “உங்களுக்கு என்ன நோய்?” என்பது முதல் நாள் கேட்கக்கூடிய கேள்வி அல்ல. எந்த ஊர், குடிநீர் எப்போது வரும், பக்கத்தில் மீன் எங்கே கிடைக்கும் என்று கேளுங்கள்; பதில் சொல்லாத தமிழர் கிடையாது. ஓர் உதவியை வாங்கிக்கொண்டால், அன்றைக்கோ மறுநாளோ சிறியதாக ஒன்றைத் திருப்பிச் செய்யுங்கள். காய் நறுக்கிக் கொடுப்பது, மருந்துச் சீட்டைப் படித்துச் சொல்வது, வரிசையில் இடம் பிடிப்பது போதும். கரைவலை இழுக்கும்போது கயிற்றில் கை வைத்தவர்களுக்கெல்லாம் பங்கு உண்டு என்பது நமக்குத் தெரிந்த நியாயம்தானே. விடுதியிலும் அப்படித்தான் என்று எடுத்துக்கொண்டால், உதவி வாங்குவது இரக்கத்தை வாங்குவதாகத் தோன்றாது.

நோயின் விவரத்தை மற்றவர்களிடம் சொல்லத்தான் வேண்டுமா?

கட்டாயமில்லை. நோய் யாருக்கோ அவர் விருப்பம்தான் இதில் முடிவு. துணைக்கு வந்தவர் விருப்பம் அல்ல. என் தாயார் “வாயில கட்டி” என்ற அளவில் சொன்னால் போதும் என்றார்கள். நானும் அதற்கு மேல் சொல்லவில்லை. நோயாளியிடமே நோயின் பெயரை மறைத்து வைத்திருக்கும் குடும்பங்களும் விடுதியில் இருக்கும். அது சரியா தவறா என்பதை அங்கே விவாதிக்கக் கூடாது. நம் வாயிலிருந்து அந்தச் சொல் விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் துணைக்கு இருப்பவர் தம் மனப்பாரத்தை இறக்கிவைக்க ஓர் ஆளாவது வேண்டும். நோயாளி தூங்கிய பிறகு, வராந்தாவில் பத்து நிமிடம், தம்மைப் போலவே துணைக்கு வந்த ஒருவரிடம் பேசலாம். ஊரில் இருக்கும் உறவினரிடம் தொலைபேசியில் அழுதால் அவர்கள் பயந்துவிடுவார்கள். பக்கத்து அறைக்காரர் பயப்பட மாட்டார், ஏனெனில் அவரும் அதைக் கடந்துதான் வந்திருப்பார்.

“இந்த மூலிகையைச் சாப்பிட்டுக் குணமானவர் இருக்கிறார்” என்று விடுதியில் சொல்கிறார்கள். கேட்கலாமா?

சொல்பவரின் அக்கறையை ஏற்றுக்கொள்ளுங்கள், மூலிகையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். புற்றுநோய் மருந்து ஏற்றும் நாட்களில் கல்லீரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே கடும் வேலையில் இருக்கும். அந்த நேரத்தில் பெயர் தெரியாத சூரணமோ கஷாயமோ உள்ளே போனால் மருந்தின் வேகம் மாறக்கூடும். சிகிச்சையையே நிறுத்திவைக்க நேரலாம். எதுவானாலும் மருத்துவரிடம் காட்டிவிட்டுத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மறுப்பதற்கு எளிய வழி, “டாக்டர்கிட்ட கேட்டுட்டுச் சொல்றேன் அண்ணே” என்பதுதான். அதில் யாரும் மனம் வருந்துவதில்லை.

ஒப்பிடுவதிலும் கவனம் தேவை. அவருக்கு நாலாவது வாரத்தில் சாப்பிட முடிந்தது, நமக்கு ஏன் முடியவில்லை என்று கணக்குப் பார்த்து இரவெல்லாம் விழித்திருந்தவர்களை நான் அறிவேன். ஒரே பெயருள்ள நோயானாலும் இருக்கும் இடம், நிலை, கொடுக்கும் அளவு எல்லாம் வேறு வேறு. மற்றவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது சமாளிக்கும் வழிகளையே: உப்பும் சமையல் சோடாவும் கரைத்த நீரில் எப்போதெல்லாம் வாய் கொப்பளித்தார்கள், எந்தச் சட்டை கழுத்தில் உரசவில்லை, எந்தக் கரண்டி வலிக்காமல் வாய்க்குள் போனது. பலன் எப்படி இருக்கும் என்பது மருத்துவரோடு மட்டும் பேச வேண்டியது.

நோயாளிக்குத் தொற்று வரும் என்று பயமாக இருக்கிறது. அப்படியிருக்க எப்படிப் பழகுவது?

பயம் நியாயமானது. மருந்து ஏற்றிய ஏழு முதல் பதினான்கு நாட்களுக்குள் இரத்தத்தில் வெள்ளணுக்கள் மிகவும் குறைவது பொதுவாக நடப்பது. அந்த நாட்களில் நோயாளி கூட்டத்தில் உட்கார வேண்டாம். சளி, இருமல், காய்ச்சல், அம்மை உள்ள யாரும் கிட்டே வர வேண்டாம். அப்போதுதான் சமைத்த சூடான உணவை, தேவையான அளவு ஆறவைத்துக் கொடுங்கள்; காலையில் செய்ததை மாலைக்கு வைக்காதீர்கள். அறையில் ஒரு தெர்மாமீட்டர் கட்டாயம் இருக்கட்டும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 38 டிகிரி செல்சியஸ் காட்டினால், இரவு எத்தனை மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

இந்த இடத்தில்தான் பழக்கம் கைகொடுக்கும். அறை வாசலில் இரண்டு கெஜம் தள்ளி நாற்காலி போட்டு, முகக்கவசத்தோடு உட்கார்ந்து பேசலாம். தொடாமல் பேசினாலும் பேச்சு பேச்சுதான். எங்கள் வரிசையில் இருந்த ஆறு அறைக்காரர்களும் இரவில் காய்ச்சல் வந்தால் யார் ஆட்டோ பிடிப்பது, யார் அறையைப் பூட்டிச் சாவியை வைத்துக்கொள்வது என்று முன்கூட்டியே பேசிவைத்திருந்தோம். அது இரண்டு முறை தேவைப்பட்டது.

என் மனைவிக்குத் துணையாக நான் போகிறேன். ஆண்கள் அங்கே என்ன செய்வது?

சமையலறைக்குள் போங்கள். இதைத் தயங்காமல் சொல்கிறேன். வாரக்கணக்கில் கடலில் தங்கும் படகுகளில் ஆண்கள்தான் சமைக்கிறார்கள். அந்தக் கைக்கு விடுதி அடுப்பு பெரிதல்ல. ஆனால் துணைக்கு வந்த ஆண்கள் பலர் டீக்கடையிலும் மருத்துவமனை வாசலிலும் நின்றே பொழுதைக் கழிக்கிறார்கள், யாரோடும் பேசுவதில்லை. மாலையில் ஓட்டலிலிருந்து வாங்கிவந்த பொட்டலம் மனைவியின் வாயில் இறங்காமல் அப்படியே இருக்கும். எங்கள் விடுதியில் மூக்கையூர்ப் பக்கத்து அண்ணன் ஒருவர் முதன்முதலாக உள்ளே வந்து, மஞ்சளும் சீரகமும் மட்டும் போட்டு, காரமில்லாமல் மீன் அவிக்கும் முறையைப் பெண்களிடம் கேட்டுக்கொண்டார். அவரைப் பார்த்து இன்னும் மூன்று ஆண்கள் வந்தார்கள்.

விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர்கள் ஒன்றைக் கணக்கிட்டுக்கொள்ளலாம். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். அவசரமில்லை என்று மருத்துவரே சொல்லும் பரிசோதனைகளையும் தொடர் வருகைகளையும் அந்த நாட்களில் வைத்துக்கொண்டால் ஆள் துணை கிடைக்கும். ஆனால் அதே நாட்களில் கையில் காசு இருக்காது என்பதும் நமக்குத் தெரியும். சிகிச்சையைத் தொடங்கும் தேதியை மட்டும் தடைக்காலத்துக்காகவோ சீசனுக்காகவோ ஒருநாளும் தள்ளிப்போடாதீர்கள்.

மொழி தெரியாதவர்கள் பக்கத்து அறையில் இருந்தால்?

1900-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒரு படுக்கையோடு தொடங்கிய வேலூர் மருத்துவமனைக்கு இன்று வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் மக்கள் வருகிறார்கள். சுற்றியுள்ள தெருக்களில் பெயர்ப்பலகைகளே வங்க எழுத்தில் இருக்கும். அங்கே தங்கிவந்த பாம்பன் குடும்பம் ஒன்று சொன்னது: பக்கத்து அறை வங்காளிக் குடும்பத்தோடு முதல் பேச்சே மீன்தான். சுத்தம் செய்யும்போது அவர்கள் மீன் தலையைத் தூக்கிப் போடாமல் பத்திரமாக எடுத்துவைத்ததைப் பார்த்ததும், இவர்களும் நம்மைப் போலத்தான் என்று தோன்றிவிட்டதாம். மருத்துவமனையில் டோக்கன் எண்ணைத் தமிழில் கூப்பிட்டபோது இவர்கள் அவர்களுக்குக் கைகாட்டினார்கள். இந்திப் படிவத்தை நிரப்ப அவர்கள் இவர்களுக்கு உதவினார்கள்.

பெண் ஒருத்தி தனியாகத் தங்குவது பாதுகாப்பா? யாரை நம்புவது?

பழகுவதும் நம்புவதும் ஒன்றல்ல. சோற்றைப் பகிரலாம்; பணம், நகை, ஆதார் அட்டை, காப்பீட்டு அட்டை, தொலைபேசியில் வரும் ஓ.டி.பி. ஆகியவற்றைப் பகிரக் கூடாது. “உள்ளே ஆள் இருக்கிறது, சீக்கிரம் படுக்கை வாங்கித் தருகிறேன்” என்று சொல்பவர் விடுதிக்குள்ளேயே இருந்தாலும் விலகி நில்லுங்கள். கடன் கேட்பவர்கள் வருவார்கள். அவர்கள் பொய் சொல்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை, அவர்களுக்கும் முடை இருக்கும். அவர்களை மருத்துவ சமூகப் பணியாளரிடம் அழைத்துப் போவதே நிலையான உதவி.

அறையைப் பார்க்கும்போது வெளியேறும் வழியையும் பாருங்கள். நம் கரையில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கவைக்கப்பட்டிருந்த ஓர் இல்லத்தில் தீப்பிடித்து, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்தார்கள். அதன் பிறகு நாடெங்கும் இத்தகைய இல்லங்களின் நிலை விசாரிக்கப்பட்டது. இரவில் வெளிப்பக்கம் பூட்டுப் போடும் எந்த விடுதியிலும், எவ்வளவு குறைந்த வாடகையானாலும், தங்க வேண்டாம்.

ஏர்வாடிக்கு வெளியூரிலிருந்து வந்து தங்கும் குடும்பங்களுக்கு நாம் என்ன செய்யலாம்?

இந்தக் கேள்வியை ஒரே ஒருவர்தான் கேட்டார். அவர் கேட்டது எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. ஏர்வாடி தர்காவுக்கு மனநோயால் துன்பப்படுவோரை அழைத்துக்கொண்டு, மதம் பாராமல், பல மாநிலத்துக் குடும்பங்கள் வந்து மாதக்கணக்கில் தங்குகின்றன. பிரார்த்தனையைத் தடுக்காமல் மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும் ‘தவா–துவா’ என்ற அரசுத் திட்டம் அங்கே தர்காவை ஒட்டியே தொடங்கப்பட்டது. வந்து தங்கியிருப்பவரிடம், டாக்டரும் இங்கேயே வருகிறார் என்று அன்பாகச் சொல்வதும், அவரோடு ஒருநாள் கூடப் போவதும் உள்ளூர்க்காரரால் முடியும். மதுரை வராந்தாவில் நாம் எதை எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தோமோ அதைத்தான் அவர்களும் எதிர்பார்க்கிறார்கள்.

செலவுக்கு என்ன வழி?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் ரூ.1,20,000-க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு ரூ.5 லட்சம் வரை சிகிச்சைச் செலவு கிடைக்கும். வருமானச் சான்றும் குடும்ப அட்டையும் ஆதாரும் கொண்டு ஆட்சியர் அலுவலக மையத்தில் பதிந்துகொள்ளலாம். ஆனால் இது மருத்துவமனைக்குச் செல்லும் பணம். வெளியே எடுக்கும் அறைக்கு இது வாடகை தராது. புற்றுநோயாளி சிகிச்சைக்காக ரயிலில் போனால், மருத்துவமனை தரும் சான்றின் பேரில், படுக்கை வசதி வகுப்பிலும் மூன்றடுக்குக் குளிர்சாதன வகுப்பிலும் அவருக்குக் கட்டணம் இல்லை. துணைக்குச் செல்லும் ஒருவருக்கு அவ்வகுப்புகளில் 75 சதவீதம் சலுகை உண்டு. நகரச் சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அம்மா உணவகம் பக்கத்தில் இருந்தால், ஒரு ரூபாய் இட்லி வாயில் புண் உள்ளவருக்கும் நனைத்துக் கொடுக்கத் தோதானது. இவற்றில் பாதியை நான் அலுவலகத்தில் தெரிந்துகொள்ளவில்லை, சமையலறையில்தான் தெரிந்துகொண்டேன்.

விடுதியில் பழகிய ஒருவர் இறந்துவிட்டால் எப்படித் தாங்குவது?

இது நடக்கும். புதிதாகப் போகிறவர்களுக்கு நான் இதை மறைப்பதில்லை.

எங்கள் வரிசையில் நாலாவது அறையில், தேவிபட்டினத்தைச் சேர்ந்த ஒரு பெரியவர் இருந்தார். மகன் துணைக்கு இருந்தான்; இருபது வயதுகூட இராது. ஒரு வியாழக்கிழமை அதிகாலை மருத்துவமனையிலிருந்து அவன் மட்டும் திரும்பிவந்து, அறை வாசலில் சாவியை வைத்துக்கொண்டு, திறக்காமல் நின்றான். லாத்தா போய் அவன் கையிலிருந்து சாவியை வாங்கித் திறந்தார். யாரும் ஒப்பாரி வைக்கவில்லை. மற்ற அறைகளில் நோயாளிகள் இருந்தார்கள். ஒருவர் ஊருக்குத் தொலைபேசியில் சொன்னார். ஒருவர் 155377 என்ற எண்ணை அழைத்து, அரசு மருத்துவமனையிலிருந்து உடலைக் கட்டணமின்றி வீடுவரை கொண்டுசேர்க்கும் அமரர் ஊர்திக்கு ஏற்பாடு செய்தார். நானும் இன்னொருவரும் துணிமணிகளை மடித்துப் பையில் வைத்தோம். அவன் இரவிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்று தெரிந்து, மூக்கையூர் அண்ணன் இரண்டு தோசை வார்த்துக் கொண்டுவந்து, அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். ஊர் உறவு வந்துசேர நாலு மணி நேரம் ஆனது. அந்த நாலு மணி நேரமும் நாங்கள்தான் அவனுக்கு உறவு.

அன்று அம்மாவிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் இருந்தேன். அவர்களே கேட்டார்கள், உண்மையைச் சொன்னேன். “அந்தப் பையன் சாப்பிட்டானா?” என்பதுதான் அடுத்த கேள்வி. நோயாளிக்குத் தெரியக் கூடாது என்று நாம் மூடும் கதவுகளில் பல, அவர்களுக்காக மூடியவை அல்ல, நமக்காக மூடியவை. இருந்தாலும் ஒவ்வொருவர் மனமும் ஒரு மாதிரி. கேட்காதவரிடம் வலியச் சென்று சொல்ல வேண்டாம். உறக்கம் கெட்டு, பசியற்று, சிகிச்சையே வேண்டாம் என்ற எண்ணம் யாருக்காவது தலைகாட்டினால், மருத்துவமனையின் மனநல ஆலோசகரிடம் அன்றைக்கே சொல்லுங்கள். 104 என்ற மருத்துவ உதவி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

ஊர் திரும்பிய பிறகு இந்த உறவு நீடிக்குமா?

சிலரோடு நீடிக்கும், பலரோடு நீடிக்காது. இரண்டிலும் குறை ஒன்றுமில்லை. சிகிச்சை நாட்களை நினைக்கவே விரும்பாதவர்கள் எண்ணை மாற்றிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களைத் துரத்தக் கூடாது. நீடிக்க வேண்டும் என்று இருவருக்கும் தோன்றினால், தொடர் பரிசோதனைக்கு ஒரே நாளைக் கேட்டு வாங்குங்கள். புற்றுநோய்க்குப் பரிசோதனை ஆண்டுக்கணக்கில் தொடரும். சேர்ந்து போனால் பேருந்தில் பேச ஆள், வரிசையில் மாறி நிற்க ஆள், முடிவு கையில் வரும்வரை பக்கத்தில் உட்கார ஆள். கண் மருத்துவ முகாம்களிலிருந்து மதுரைக்கு ஒரே வண்டியில் போய், அறுவை முடிந்து ஒரே வண்டியில் திரும்பும் நம் ஊர்ப் பெரியவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் பயப்படுவதே இல்லை.

கிளம்பும்போது அரிசி, பருப்பு, வாளி, கயிறு என்று மிச்சமிருப்பதை அடுத்து வருபவருக்கு விட்டுவிட்டு வாருங்கள். தெரிந்துகொண்டதையும் அவரிடம் சொல்லிவிட்டு வாருங்கள். பாத்திரத்தை மட்டும் பெயர் பார்த்து எடுங்கள். நாங்கள் வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தபோது, உள்ளே இருந்த தூக்குவாளியில் ‘கீழக்கரை’ என்று வெட்டியிருந்தது. லாத்தாவிடம் பேசினேன், தங்கச்சிமடம் அவர்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அடுத்த செக்கப்புக்கு வரும்போது மாற்றிக்கொள்ளலாம் என்றார். அதன் பிறகு ஐந்து செக்கப்புக்கு ஒரே பேருந்தில் போய்விட்டோம். அம்மாவுக்கு இன்னும் அந்த வாளியில்தான் கஞ்சி ஆற்றுகிறேன்.